பௌலியின் குரலும் போலித் தட்டுகளும்

பிரித்தானியாவில் எம்மவர்கள் குடியேறிய எந்த நகரத்தை எடுத்துக்கொண்டாலும் பிரதான வீதியில் இரண்டு மூன்று சரிட்டிக் கடைகளாவது இருக்கும். வந்த புதிதில் குளிர்ச்சட்டைக்காகவும் சமையற் பாத்திரங்களுக்காகவும் பிள்ளைகளின் கதைப் புத்தகங்களுக்காகவும் அந்தக் கடைகளின் படி ஏறாத குடும்பங்கள் எம்மிடையே குறைவு. அக்கடைகளின் ஒரு மூலையில் பழைய இறுவட்டுகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். அவற்றைச் சற்றுப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தால், 1930களின் நடன இசைத் தொகுப்புகளில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். அந்தப் பெயர் அல் பௌலி.

அவரது பெயரை உச்சரிப்பின்படி தமிழில் எழுதினால் ‘போலி’ என்றே வரும். நல்ல பாடகர் ஒருவரை அப்படி எழுத எமக்கு மனம் ஒப்பவில்லை. ஆதலால் ‘பௌலி’ என்று எழுதுகிறோம். ஆனால் அவர் பெயரில் வெளிவந்த இறுவட்டுகளில் போலிகள் ஏராளம் என்பது உண்மை. ஒரே பாடல், ஒரே நாளில், ஒரே அறையில் பாடியது, ஐந்து இறுவட்டுகளில் ஐந்து விதமாக ஒலிக்கும். ஒன்றில் அவர் எமது பக்கத்துக் கதிரையில் இருந்து பாடுவது போலிருக்கும். இன்னொன்றில் கம்பளிப் போர்வைக்குள் இருந்து பாடுவது போலிருக்கும். வேறொன்றில் குளியலறையில் நின்று பாடுவது போலிருக்கும். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது, நல்லதை எப்படித் தெரிந்தெடுப்பது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

“வெள்ளைக்காரரின் பழைய பாட்டு எங்களுக்கு எதற்கு?” என்று சிலர் கேட்கக்கூடும். அதற்கு இரண்டு விடைகள் உண்டு. முதலாவது, பௌலி இந்த மண்ணில் பிறந்தவர் அல்லர். பல நாடுகள் அலைந்து, கையில் ஒரு வாத்தியத்தோடு லண்டனுக்கு வந்து சேர்ந்தவர். இரண்டாவது, மறைந்துபோன ஒரு குரலை எப்படிக் காப்பாற்றி வைப்பது என்ற கலை எமக்கும் மிகவும் தேவையான ஒன்று. அதைப் பற்றிக் கட்டுரையின் இறுதியில் பேசுவோம்.

யார் இந்த பௌலி?

அல்பேர்ட் அலிக் பௌலி, போர்த்துக்கேயரின் ஆட்சியில் இருந்த மொசாம்பிக் நாட்டின் லொறன்சோ மார்க்கஸ் நகரில், 19ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் பிறந்தவர். அந்த நகரம்தான் இன்றைய மாப்புட்டோ. தந்தை கிரேக்கர், தாயார் லெபனானைச் சேர்ந்தவர். குடும்பம் தென்னாபிரிக்காவின் ஜொகன்னஸ்பேர்க்குக்குப் பெயர்ந்தது. அங்கே இளைஞர் பௌலி முடி திருத்தும் தொழில் செய்தார். வாத்தியம் வாசிப்பதும் பாடுவதும் ஓய்வுநேர வேலைகள்.

1920களில் எட்கார் அடெலர் என்பவரின் நடன இசைக்குழுவில் சேர்ந்து ஆபிரிக்கா, இந்தியா, ஜாவா என்று சுற்றினார். ஜாவாவில் குழுத்தலைவரோடு பிணக்குப்பட்டு வேலை போயிற்று. பிறகு ஜிம்மி லெக்கீமின் குழுவில் இடம் கிடைத்தது. அந்தக் குழு கல்கத்தாவின் கிராண்ட் ஹோட்டலில் வாசித்து வந்தது. 1926இல் கல்கத்தாவில் அக்குழு பதிவு செய்த இசைத்தட்டில் பான்ஜோ வாசித்தவர் பௌலி. அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போய், 1927இல் பேர்லினில் பாடகராகப் பல தட்டுகளைப் பதிவு செய்தார். 1928இல் லண்டன் வந்து, சவோய் ஹோட்டலில் வாசித்த பிரெட் எலிசால்டேயின் குழுவில் சேர்ந்தார்.

லண்டன் வாழ்க்கை உடனே இனித்துவிடவில்லை. 1929இல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது அவரது வேலையும் போயிற்று. மாதக்கணக்காகத் தெருவில் நின்று பாடிக் காசு சேர்த்து வயிறு வளர்த்தார். பிற்காலத்தில் நாடே அறிந்த பாடகர், லண்டன் தெருவோரத்தில் தொப்பியை நீட்டி நின்றவர் என்பதை எமது இளைஞர்கள் மனதில் வைத்துக்கொள்ளலாம்.

1930 நவம்பரில் நிலைமை மாறியது. எச்.எம்.வி. இசைத்தட்டு நிறுவனத்தில் மெல்லிசைப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த ரே நோபிள் என்ற இளம் இசையமைப்பாளர் பௌலியைப் பாட அழைத்தார். 1931இல் ரோய் பொக்ஸின் குழுவோடு பிக்காடிலியில் இருந்த மொன்சினியர் உணவகத்திலும் பாடத் தொடங்கினார். 1932இல் அக்குழுவின் தலைமையை லூ ஸ்ரோன் ஏற்றார். அவரது இசை நிகழ்ச்சிகளை பி.பி.சி. வானொலி அந்த உணவகத்திலிருந்தே நேரடியாக ஒலிபரப்பியது. 1930க்கும் 1934க்கும் இடையில் பௌலி 500க்கும் மேற்பட்ட பாடல்களைப் பதிவு செய்தார். வாழ்நாளில் பாடிப் பதிந்தவை 1,000க்கும் அதிகம்.

ஒலிவாங்கி தந்த குரல்

பௌலியைக் ‘குரூனர்’ என்று அழைப்பார்கள். காதோடு பேசுவது போல மெல்லப் பாடுகிறவர் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். எம்மவர்க்கு இதை விளக்குவது எளிது. கிட்டப்பாவும் தியாகராஜ பாகவதரும் நாடக மேடையில் வளர்ந்தவர்கள். கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி குரலை எறிந்து பாடினார்கள். பின்வந்த ஏ.எம்.ராஜா அப்படிப் பாட வேண்டியிருக்கவில்லை. மூச்சின் சத்தம் கூடக் கேட்கும்படி மெதுவாகப் பாடினார். இடையில் வந்து மாற்றியது ஒலிவாங்கி. இலங்கை வானொலியின் ஆங்கில சேவையில் ஜிம் ரீவ்ஸின் பாடல்களைக் கேட்டு வளர்ந்த மூத்தவர்களுக்கும் இந்தப் பாணி பழக்கமானதே.

1925 வரை இசைத்தட்டுப் பதிவில் ஒலிவாங்கி கிடையாது. பாடகர் பெரிய புனலின் முன் நின்று உரத்துப் பாட, அந்த அதிர்விலேயே ஊசி அசைந்து மெழுகில் கோடு கீறும். 1925இல் மின்சார முறைப் பதிவு வந்தது. அதன் பிறகே கிசுகிசுப்பான குரல் தட்டில் ஏற முடிந்தது. இந்தப் புதிய கருவியைப் பயன்படுத்தும் விதத்தை நன்கு கற்றவர்களில் பௌலி ஒருவர். 1934இல் இந்தப் பாணியைப் பற்றி ஒரு நூலும் எழுதி வெளியிட்டார்.

இங்கேதான் எமது விடயத்தின் உயிர்நாடி இருக்கிறது. பாகவதரின் குரல் கரகரப்பான தட்டிலும் ஓரளவு தப்பிவிடும், ஏனெனில் அது உரத்த குரல். குரூனரின் அழகோ மிகச் சிறிய ஒலிகளில் தங்கியிருக்கிறது. ஒரு சொல் தொடங்குமுன் எடுக்கும் மூச்சு, ‘ஸ்’ என்ற எழுத்து நாவில் உரசும் விதம், வரி முடிவில் குரல் தேய்ந்து மறையும் இடம் ஆகியவையே அவரது கலை. தட்டின் இரைச்சலும் இதே அளவு சிறிய ஒலிதான். இரைச்சலைத் துடைக்கப் போனால் மூச்சும் சேர்ந்து துடைபட்டுவிடும்.

அரக்கில் பதிந்த குரல்

அந்தக் காலத்து இசைத்தட்டு பிளாஸ்ரிக்கால் ஆனதல்ல. அதன் பசைப்பொருள் அரக்கு. புரசு, இலந்தை முதலிய மரங்களில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசினே அரக்கு. உலகின் இசைத்தட்டுகளுக்கு வேண்டிய அரக்கின் பெரும்பகுதி இந்தியாவின் சோட்டா நாக்பூர்ப் பகுதிக் காடுகளில் சேர்க்கப்பட்டுக் கல்கத்தாத் துறைமுகம் வழியாக ஏற்றுமதியாயிற்று. லண்டன் நடன மண்டபத்துக் குரலைத் தாங்கியது இந்தியக் காட்டுப் பிசின் என்பது பலருக்குத் தெரியாது.

அரக்கு தட்டில் ஒரு பங்குதான். மிகுதியில் பெரும்பகுதி கல்தூள், நிறத்துக்குக் கரி. கல்தூளைக் கலந்ததற்குக் காரணம் உண்டு. அக்காலத்து உருக்கு ஊசி தட்டின் பள்ளத்தில் ஓடும்போது, கல்தூள் ஊசியின் முனையைத் தேய்த்துப் பள்ளத்துக்குப் பொருத்தமாக்கும். அதனால்தான் ஒவ்வொரு பக்கத்துக்கும் புதிய ஊசி மாற்றச் சொன்னார்கள். ஆனால் ஊசி மட்டுமா தேயும்? பள்ளமும் தேயும். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாடல். விருப்பமான பாடல் என்றால் நூறு தடவை போட்டிருப்பார்கள். மக்கள் மிகவும் நேசித்த தட்டே மிகவும் கெட்டுப்போன தட்டு என்பது இதில் உள்ள வேடிக்கை.

பாடகர் பாடும்போது பதிவானது மெழுகுத் தட்டில். அதற்கு உலோகப் பூச்சு ஏற்றி, உலோக அச்சு எடுத்து, அந்த அச்சால் அரக்குத் தட்டுகளை அழுத்துவார்கள். மெழுகை மீண்டும் சீவி அடுத்த பதிவுக்குப் பயன்படுத்துவார்கள். ஆகவே மூலப்பிரதி என்று மிஞ்சுவது உலோக அச்சே. காந்த நாடாவில் பதியும் வழக்கம் பிரித்தானிய நிறுவனங்களுக்கு இரண்டாம் உலகப் போரின் பின்னரே வந்தது. பௌலி பாடிய ஒரு பாடலுக்கும் மூல நாடா கிடையாது. ‘மூல நாடாவிலிருந்து’ என்று அவரது இறுவட்டின் அட்டையில் எழுதியிருந்தால் அதைக் கண்டவுடன் கீழே வைத்துவிடலாம்.

போர்க்காலத்தில் அரக்குக்குத் தட்டுப்பாடு வந்தது. பழைய தட்டுகளைத் திரட்டி அரைத்துப் புதியவை செய்தார்கள். உலோக அச்சுகள் பலவும் பழைய உலோகமாக உருக்கப்பட்டன. எஞ்சியவை நிறுவனங்களின் களஞ்சியங்களிலும், அதைவிட முக்கியமாக, சாதாரண மக்களின் பரண்களிலும் இருந்தன. இன்று நாம் கேட்கும் பழைய பாடல்களில் பல, ஒவ்வொரு தட்டாகத் தேடிச் சேர்த்துக் கடதாசி உறையில் இட்டு நிமிர்த்தி வைத்த சேகரிப்பாளர்களின் புண்ணியத்தால் மிஞ்சியவை. பல நடனக் குழுத் தட்டுகளில் பாடகரின் பெயரே அச்சிடப்படவில்லை. குரலைக் கேட்டே இது இன்னார் என்று அடையாளம் கண்டு குறித்து வைத்தவர்களும் அவர்களே.

சீரமைப்பு என்றால் என்ன?

மறுவெளியீட்டு இறுவட்டின் அட்டையில் ‘ரீமாஸ்ரர்’ என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அந்தச் சொல்லுக்குள் நல்ல வேலையும் அடங்கும், கெட்ட வேலையும் அடங்கும். நல்ல வேலை எவ்வாறு நடைபெறுகிறது என்று பார்ப்போம்.

முதற்படி, நல்ல தட்டைத் தேடுவது. கிடைத்தால் உலோக அச்சிலிருந்து புதிதாக அழுத்திய பிரதி. இல்லையேல் அதிகம் ஓடாத அரக்குத் தட்டு. ஒரே பாடலின் மூன்று நான்கு பிரதிகளை ஒப்பிட்டு, சில வேளைகளில் ஒன்றின் தொடக்கத்தையும் இன்னொன்றின் முடிவையும் இணைப்பார்கள். இந்தப் படியில் சோம்பல்பட்டால் பின்னர் எந்தக் கணனியாலும் ஈடுசெய்ய இயலாது.

இரண்டாவது, ஊசி. பழைய தட்டின் பள்ளம், பிற்காலத்து எல்.பி. தட்டின் பள்ளத்தைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அகலமானது. பழைய உருக்கு ஊசிகள் பள்ளத்தின் ஒரு குறிப்பிட்ட உயரத்தையே தேய்த்திருக்கும். வேறு அளவுள்ள ஊசியைத் தெரிந்தால், அது தேயாத உயரத்தில் ஓடும். இதனால் தட்டைத் தொடாமலே பாதி இரைச்சல் போய்விடும்.

மூன்றாவது, வேகம். தட்டுகள் நிமிடத்துக்கு 78 சுற்று என்று பெயர்தான். உண்மையில் பதிவுக்குப் பதிவு சற்று மாறும். வேகம் நூற்றுக்கு ஆறு கூடினால் சுருதி அரைச் சுரம் ஏறிவிடும். பாடகரின் வயதே குறைந்தது போலத் தோன்றும். நல்ல பொறியியலாளர் பியானோவின் சுருதியைக் கொண்டு வேகத்தைச் சரிபார்ப்பார்.

நான்காவது, தாழ்ந்த ஒலிக்கும் உயர்ந்த ஒலிக்கும் இடையிலான சமநிலை. பதியும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தே வெட்டுவார்கள். இல்லாவிட்டால் ஒரு பள்ளம் அடுத்த பள்ளத்தில் முட்டிவிடும். திருப்பி ஒலிக்கும்போது குறைத்த அளவைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். 1950களின் நடுப்பகுதியில்தான் இதற்குப் பொது அளவு ஏற்பட்டது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு கணக்கு. எச்.எம்.வி. தட்டின் கணக்கில் டெக்காத் தட்டை ஒலித்தால் குரலின் நிறம் மாறிவிடும்.

கடைசியாகத்தான் கீறல் சத்தத்தையும் இரைச்சலையும் நீக்கும் வேலை. இங்கே ஒருவரின் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜோன் ஆர்.ரி. டேவிஸ் (1927-2004) இசைக்கலைஞர். 1961இல் பிரித்தானியாவில் முதலிடம் பெற்ற பாடலைத் தந்த ‘ரெம்பரன்ஸ் செவன்’ குழுவில் வாசித்தவர். பழைய ஜாஸ் தட்டுகளைச் சீரமைப்பதில் உலகப் புகழ் பெற்றார். கணனி வருமுன், தட்டைக் காந்த நாடாவில் ஏற்றி, ஒவ்வொரு ‘டிக்’ சத்தமும் விழும் இடத்தைத் தேடி, நாடாவின் பூச்சைக் கூரிய கத்தியால் சுரண்டி எடுத்து அந்தச் சத்தத்தை நீக்கியவர் அவர். மூன்று நிமிடப் பாடலில் நூற்றுக்கணக்கான ‘டிக்’குகள் இருக்கும். பல மணி நேர வேலை, பாடல் மூன்றே நிமிடம்.

பின்னர் கணனி வந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வின் பயனாக 1988இல் ‘சீடார்’ என்ற நிறுவனம் உருவாகி, இந்த வேலையைத் தானாகச் செய்யும் கருவிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வேலை எளிதாயிற்று. ஆனால் கத்தி எளிதாகக் கிடைத்தால் எல்லோரும் சத்திரசிகிச்சை நிபுணர் ஆகிவிடுவார்களா? அளவறிந்து பயன்படுத்தியவர்கள் அற்புதம் செய்தார்கள். அளவு மீறியவர்கள் குரலைக் கொன்றார்கள்.

போலிகள் எப்படிப் பெருகின?

பிரித்தானியச் சட்டப்படி ஒலிப்பதிவு ஒன்றின் உரிமை அது வெளிவந்து 50 ஆண்டுகளில் முடிவடைந்தது. 2013 நவம்பரில் இக்காலம் 70 ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. ஆயினும் ஏற்கெனவே முடிவடைந்தவற்றுக்கு உயிர் கொடுக்கப்படவில்லை. பௌலி இறந்தது 1941இல். ஆகவே 1990களின் தொடக்கத்திலேயே அவரது காலத்தில் வெளியான தட்டுகள் யாவும் பொதுச்சொத்தாகிவிட்டன. யாரும் வெளியிடலாம், ஒலிப்பதிவின் உரிமைக்காக யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இதனால் நன்மையும் விளைந்தது, தீமையும் விளைந்தது. மூலக் கம்பனிகள் கவனியாது விட்ட நூற்றுக்கணக்கான பாடல்கள், ‘லிவிங் எரா’, ‘வொகாலியன்’ போன்ற சிறு வெளியீட்டாளர்களால் வெளிச்சத்துக்கு வந்தன. மறுபுறம், தட்டையே கண்ணால் காணாதவர்களும் கடை திறந்தார்கள். இன்னொருவர் வியர்வை சிந்திச் சீரமைத்த இறுவட்டை வாங்கி, அதையே படியெடுத்து, அதன்மேல் இன்னொரு முறை இரைச்சல் நீக்கி, புதிய அட்டை போட்டு விற்றார்கள். முதல் ஆள் கவனமாக விட்டுவைத்த மூச்சை இரண்டாவது ஆள் துடைத்துவிடுகிறார். இன்று இணையத்தில் பாடல் கேட்கும் சேவைகளிலும் ஒரே பாடலின் பத்துப் பிரதிகள் கிடப்பதற்குக் காரணம் இதுவே.

இன்னொரு வகைக் கெடுதல், ஒற்றை வழி ஒலியை இரட்டை வழி ஒலியாக்குவதாகச் சொல்லி எதிரொலி சேர்ப்பது. 1980களில் அவுஸ்திரேலியரான ரொபேர்ட் பார்க்கர் பழைய ஜாஸ் பதிவுகளை இவ்வாறு விரித்துத் தந்த தொடரை பி.பி.சி. வெளியிட்டது. அவர் தட்டுகளை மிகுந்த தேர்ச்சியோடு எடுத்தவர் என்பதை எதிராளிகளும் ஒப்புக்கொள்வர். ஆயினும் அவர் சேர்த்த மண்டபத்து எதிரொலியை விரும்பியவர்களும் உண்டு, வெறுத்தவர்களும் உண்டு. எமது கருத்து இதுதான்: பாடகர் நின்ற அறையின் ஒலியே போதும், இல்லாத அறையை நாம் கட்டத் தேவையில்லை.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

புதிதாகச் சேகரிக்கத் தொடங்குவோருக்குச் சில குறிப்புகளைத் தருகிறோம்.

அட்டையின் உள்ளே உள்ள சிறு புத்தகத்தைப் பாருங்கள். ஒவ்வொரு பாடலுக்கும் பதிவுத் திகதி, குழுவின் பெயர், மூலத்தட்டின் இலக்கம் ஆகியவை தரப்பட்டிருந்தால், அதைச் செய்தவர் பொறுப்பானவர். சீரமைத்தவரின் பெயரும் இருந்தால் இன்னும் நல்லது. தன் பெயரைப் போடத் துணியாதவரின் வேலையை நாமேன் நம்ப வேண்டும்?

‘எல்லாக் காலத்துக்கும் சிறந்த பாடல்கள்’ என்ற பொதுப்பெயரும் பாடல் வரிசையும் மாத்திரம் உள்ள மலிவான தொகுப்புகளைத் தவிர்த்துவிடுங்கள். விலை குறைவாக இருப்பது குற்றமல்ல. சரிட்டிக் கடைகளில் மிக நல்ல வெளியீடுகளும் ஒன்றிரண்டு பவுணுக்குக் கிடைக்கின்றன. விவரம் குறைவாக இருப்பதுதான் குற்றம்.

ஆயிரம் பாடல்களையும் சேர்க்க முயல வேண்டாம். 1930-34 காலத்து ரே நோபிள் பதிவுகளும் லூ ஸ்ரோன் பதிவுகளும் அடங்கிய இரண்டு நல்ல இறுவட்டுகள் போதும். நோபிள் குழுவினரில் பலர் அன்றைய சிறந்த நடனக் குழுக்களிலிருந்து பதிவுக்கென்று தெரிந்தெடுக்கப்பட்டவர்கள். எச்.எம்.வி.யின் அபி றோட் ஒலிப்பதிவுக் கூடம் 1931 நவம்பரில் திறக்கப்பட்டது. அக்காலத்துக்கு இவை மிகத் தெளிவான பதிவுகள்.

ஒப்பிட்டுப் பார்க்க நான்கு பாடல்களைச் சொல்கிறோம். ‘குட்நைற் ஸ்வீற்ஹார்ட்’ (1931), ‘லவ் இஸ் த ஸ்வீற்றஸ்ற் திங்’ (1932), ‘த வெரி தோட் ஒவ் யூ’ (1934), ‘மிட்நைற், த ஸ்ரார்ஸ் அண்ட் யூ’ (1934). நான்கும் ரே நோபிள் குழுவோடு பாடியவை. கடைசிப் பாடல் ஸ்ரான்லி குப்ரிக்கின் ‘த ஷைனிங்’ (1980) திரைப்படத்தின் இறுதியில் ஒலிப்பதால் இளம் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கலாம்.

கேட்கும்போது மூன்று இடங்களைக் கவனியுங்கள். முதலாவது, பாடகர் வாய் திறக்குமுன் வரும் மூச்சு. அது கேட்டால் நல்ல சீரமைப்பு. இரண்டாவது, ‘ஸ்’ ஒலி. அது மழுங்கி ‘த்’ போலக் கேட்டால் உயர்ந்த ஒலிகளை வெட்டியிருக்கிறார்கள். மூன்றாவது, பாடல் முடிந்த பிறகு வரும் அமைதி. வாத்தியங்களின் அதிர்வு மெல்லத் தேய்ந்து, அடியில் சிறிய இரைச்சல் சீராக ஓடினால் நல்லது. கதவைச் சாத்தியது போலத் திடீரென்று சூனியமானாலும், தண்ணீருக்கடியில் குமிழி விடுவது போல ஒலித்தாலும் அங்கே கணனி அளவு மீறியிருக்கிறது.

சிறிது இரைச்சல் இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே மழை பெய்யும்போது வீட்டுக்குள் ஒருவர் பேசினால் நாம் பேச்சைக் கேட்கிறோம், மழையை மறந்துவிடுகிறோம். காது அதற்குப் பழகிவிடும். ஆனால் வெட்டி எறிந்த மூச்சைக் காது தானாகச் சேர்த்துக்கொள்ளாது.

ஹன்வெல் மயானத்தில்

1934இல் ரே நோபிளோடு நியூயோர்க் சென்ற பௌலி அங்கும் புகழ் பெற்றார். 1937இல் லண்டன் திரும்பிய பின் அவரது தொண்டையில் நோய் கண்டது. அமெரிக்கா சென்று சத்திரசிகிச்சை செய்துகொண்டு மீண்டும் பாடினார். ஆனால் பழைய புகழ் திரும்பவில்லை. போர் தொடங்கிய பின் ஜிம்மி மெசீன் என்ற நண்பரோடு இரண்டு கித்தார்களை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பாடினார். 1941 ஏப்ரல் 2ஆம் திகதி கடைசித் தட்டைப் பதிவு செய்தார். அது ஹிட்லரை நையாண்டி செய்து ஏர்விங் பேர்லின் எழுதிய பாடல்.

இரண்டு வாரங்களின் பின் ஹை விக்கம் நகரில் நிகழ்ச்சி. இரவு அங்கேயே தங்கும் வாய்ப்பு இருந்தும் கடைசி ரயிலில் லண்டன் திரும்பினார். 17ஆம் திகதி அதிகாலை மூன்று மணியளவில், சென்ற் ஜேம்ஸ் பகுதியில் அவரது குடியிருப்புக்கு வெளியே பரசூட்டில் இறக்கப்பட்ட பெரும் கண்ணிவெடி வெடித்தது. படுக்கையறைக் கதவு பெயர்ந்து தலையில் அடித்ததால் இறந்தார். குண்டுவீச்சு இரவு எப்படியிருக்கும் என்பதை எமது வாசகர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

அந்த இரவில் இறந்த மற்றவர்களோடு ஒரே குழியில் ஹன்வெல் மயானத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். மேற்கு ஈலிங் கனகதுர்க்கை அம்மன் ஆலயத்துக்குப் போகும் எம்மவர்கள் பலருக்கு அந்த மயானம் இருக்கும் இடம் தெரிந்திருக்கும். ஆலயத்தின் பக்கத்தில் ஓடும் அக்ஸ்பிரிட்ஜ் வீதியில் மேற்கே சற்றுத் தூரம் போனால் அதே வீதியில்தான் அதுவும் இருக்கிறது. அங்கே அவரது நடுப்பெயர் ‘அலிக்’ என்பதற்குப் பதிலாக ‘அலெக்ஸ்’ என்று பதியப்பட்டிருக்கிறது. 2013இல் அவர் முன்பு வாழ்ந்த சாரிங் குறொஸ் வீதிக் கட்டடத்தில் நீலப் பலகை ஒன்று பொருத்தப்பட்டது.

தனியான கல்லறை இல்லாத ஒரு மனிதருக்கு மிஞ்சியிருப்பது அவரது குரல். அதைச் சரியாகக் கேட்கச் செய்வதே அவருக்குச் செய்யும் மரியாதை. நல்ல மறுவெளியீட்டைத் தேடி வாங்கும்படி நாம் சொல்வது இதனாலேயே.

எமது வீட்டு ஒலிநாடாக்கள்

பௌலிக்கு ரே நோபிள் இருந்தார், எச்.எம்.வி. இருந்தது, சேகரிப்பாளர்கள் இருந்தார்கள். எமது வீட்டுப் பெரியவர்களின் குரல்களுக்கு யார் இருக்கிறார்கள்? தொலைபேசி எட்டாத காலத்தில் ஊருக்கும் வெளிநாட்டுக்கும் இடையில் ஒலிநாடாவில் கடிதம் பேசி அனுப்பிய குடும்பங்கள் பல. அம்மம்மாவின் தாலாட்டு, அப்பாவின் தேவாரம், பிள்ளையின் முதற்பேச்சு எல்லாம் அந்த நாடாக்களில் இருக்கின்றன. பலரது வீடுகளில் அவை அலுமாரியின் அடித்தட்டில் கிடக்கின்றன. அவற்றுக்கு உலகில் வேறு பிரதி கிடையாது.

நல்ல சீரமைப்பாளர்கள் கடைப்பிடிக்கும் முறையையே நாமும் கடைப்பிடிக்கலாம். முதலில் நாடாவின் விளிம்பில் உள்ள இரு சிறு பிளாஸ்ரிக் தடுப்புகளையும் உடைத்துவிடுங்கள். பிறகு தவறுதலாக அதன்மேல் யாரும் பதிய முடியாது. வெப்பமூட்டிக்கும் ஒலிபெருக்கிக்கும் அருகில் வைக்க வேண்டாம். துப்புரவான, நல்ல ஒலிநாடாக் கருவியில் ஓடவிட்டுக் கணனியில் பதியுங்கள். பதியும்போது எந்த இரைச்சல் நீக்கியையும் பயன்படுத்தாதீர்கள். இருந்தது இருந்தபடி ஒரு பிரதி எடுத்து, அதைத் தொடாமல் இரண்டு இடங்களில் வையுங்கள். இரைச்சலைக் குறைக்க விரும்பினால் வேறொரு பிரதியில் செய்து பாருங்கள். பேசுபவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதி வையுங்கள். பெயரில்லாத குரலை அடுத்த தலைமுறையால் அடையாளம் காண முடியாது. எல்லாம் முடிந்த பின்னும் பழைய நாடாவை எறிந்துவிடாதீர்கள். நாளை இன்னும் நல்ல கருவி வரும்.

அம்மம்மா பாடும்போது பின்னால் கேட்கும் காகத்தின் குரலும், கிணற்றுக் கப்பியின் சத்தமும், முற்றத்தில் யாரோ கூப்பிடுவதும் இரைச்சலல்ல. அவை அந்த வீட்டின் ஒலிகள். அவற்றைத் துடைத்துவிட வேண்டாம்.